கரண்ட் போனாலும் போன் பேச: சென்னையில் முதல் மழைக்காலத்துக்குத் தயாராகிறவர்களுக்கு

இந்த வருடம்தான் சென்னைக்குக் குடிவந்திருக்கிறீர்கள், ஐப்பசி மழையை இங்கே இன்னும் பார்த்ததில்லை என்றால், மழை தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்காக ஒதுக்கிவிடுங்கள்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. நான் வேளச்சேரிப் பக்கம் முதல் மாடியில் வாடகைக்கு இருந்தேன், அம்மா முடிச்சூரில் தனியாக. என்னிடம் சார்ஜ் நிறைந்த 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் இருந்தது, வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது, போனில் இரண்டு சிம். அப்படியும் திங்கள் மதியத்திலிருந்து புதன் காலை வரை அம்மாவிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. மாத்திரை இருக்கிறதா, தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டதா, எதுவும் தெரியாது. தண்ணீர் வடிந்த பிறகு உட்கார்ந்து பார்த்ததில் மூன்று காரணம் கிடைத்தது. மோடம் செருகியிருந்த பிளக் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. இரண்டு சிம்மும் ஒரே டவரை நம்பியிருந்தன. அம்மா வீட்டு லேண்ட்லைன் எனக்கே தெரியாமல் ஃபைபருக்கு மாறியிருந்தது. மூன்றுமே ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்திருக்கக்கூடியவை.

போன் பேச மூன்று இடத்தில் கரண்ட் வேண்டும்: கையில் இருக்கும் போனில், வீட்டு மோடத்தில், வெளியே இருக்கும் டவரிலோ தெருப் பெட்டியிலோ. உங்களுக்கு எது முதலில் நிற்கும் என்று தெரிந்துகொள்ளாமல் எந்தப் பொருளும் வாங்காதீர்கள்.

இன்னொன்றும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். சென்னையில் பல தெருக்களில் மின் கேபிள் மண்ணுக்கடியில் போகிறது, வீடுகளுக்குக் கரண்டைப் பிரித்துத் தரும் பில்லர் பாக்ஸ் தரையோடு நிற்கிறது. தெருவில் தண்ணீர் தேங்கினால், பழுது எதுவும் இல்லாவிட்டாலும், யாருக்கும் ஷாக் அடித்துவிடக் கூடாதென்று இபிக்காரர்களே நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் வடிகிற வரை வராது. ஆகவே இரண்டு மணி நேரக் கணக்கு வேண்டாம், இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டு ஏற்பாடு செய்யுங்கள்.

1. வீட்டுக்குள் வரும் வயர் எது என்று பாருங்கள்

இன்டர்நெட் வயரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மெல்லிய ஃபைபர் கேபிள் நேராக உங்கள் வீட்டுப் பெட்டி வரை வந்தால் நல்லது. அந்த வகை இணைப்புகளில் நடுவழியில் இருக்கும் பிரிப்பான்களுக்குப் பெரும்பாலும் கரண்ட் தேவைப்படாது, நிறுவனத்தின் பக்கம் ஓடிக்கொண்டிருந்தால், வீட்டில் மோடத்தை உயிரோடு வைத்தால் நெட் வரும்.

தடிமனான லேன் வயர்தான் வீட்டுக்குள் வருகிறது என்றால், அது மொட்டைமாடியிலோ தரைத்தளத்திலோ இருக்கும் ஒரு ஸ்விட்ச் பெட்டியிலிருந்து வருகிறது. அதற்கும் கரண்ட் வேண்டும். நீங்கள் உள்ளே ஆயிரக்கணக்கில் செலவு செய்து மோடத்தை ஓட்டினாலும் அந்தப் பெட்டி அணைந்தால் முடிந்தது. கேபிள்காரரிடம் இந்த இரண்டையும் நேராகக் கேளுங்கள்: "பெட்டிக்கு பேட்டரி இருக்கா? எத்தனை மணி நேரம் தாங்கும்?" பதில் சரியாக வராவிட்டால் ஃபைபரை வீடு வரை இழுத்துத் தரச் சொல்லுங்கள், அல்லது இணைப்பை மாற்றுங்கள். புது இணைப்புக்கு அடையாள அட்டையோடு வாடகை ஒப்பந்தத்தின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள், முகவரிச் சான்று கேட்பார்கள். இதைச் செப்டம்பருக்குள் முடித்துவிட வேண்டும், மழை தொடங்கிவிட்டால் கம்பத்தில் ஏற ஆள் கிடைப்பது கஷ்டம்.

2. மோடத்துக்கு மினி யுபிஎஸ்

இன்வெர்ட்டர் இல்லாத வாடகை வீட்டுக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. கையளவு பெட்டி, உள்ளே லித்தியம் பேட்டரி. நான் வாங்கியது 1,500 ரூபாய்க்குள் முடிந்தது. ஆனால் வாங்கும் முன் மோடத்தின் அடாப்டரைக் கழற்றி அதில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும், சிலவற்றில் 9, சிலவற்றில் 5. வோல்ட் அச்சாக ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் அடாப்டரில் இருப்பதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட்டைச் செருகினால் அது கருகிப் போகலாம், வாரண்டியும் வராது. பின்னின் அளவும் ஒத்துப்போகிறதா பாருங்கள், வெளியே ஒரே மாதிரி தெரிந்தாலும் உள் துளை 2.1, 2.5 மில்லிமீட்டர் என்று இரண்டு உண்டு.

மோடம் ஒன்று, வைஃபை ரவுட்டர் தனியாக ஒன்று என்று இரண்டு பெட்டி இருந்தால் இரண்டு அவுட்புட் உள்ள யுபிஎஸ் வேண்டும். நான் முதலில் இதைக் கவனிக்காமல் ஒன்று வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பெட்டியின் மேல் "8 மணி நேரம்" என்று போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கணக்கு எளிது. எம்ஏஎச்சை ஆயிரத்தால் வகுத்து 3.7-ஆல் பெருக்கினால் வாட் அவர் வரும், அதை மோடம் இழுக்கும் வாட்டால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று தெரியும். 8,000 எம்ஏஎச் என்றால் சுமார் 30 வாட் அவர். சாதாரண மோடம் 7, 8 வாட் இழுக்கும், இழப்பையும் கழித்தால் 3 மணி நேரம், கொஞ்சம் கூடலாம். இரண்டு நாளைக்கு அது போதாதுதான், அதனால் தொடர்ந்து ஓட விடாமல் காலை ஒரு அரை மணி, மாலை ஒரு அரை மணி என்று போட்டு அணையுங்கள். அப்படிச் செய்தால் இரண்டு நாளும் தாண்டும்.

பவர் பேங்க் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு 5 வோல்ட்டை 12 வோல்ட்டாக ஏற்றித் தரும் யுஎஸ்பி கேபிள் இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதுவும் வேலை செய்யும், பவர் பேங்க் 2 ஆம்பியராவது தர வேண்டும். ஆனால் போனுக்கென்று இருந்ததை மோடம் குடித்துவிடும் என்பதை மறக்காதீர்கள்.

பில்லையும் வாரண்டி அட்டையையும் போனில் படம் எடுத்து வையுங்கள். காகிதம் நனைந்துவிடும்.

3. இன்வெர்ட்டர் இருக்கிற வீடு

இன்றைக்கே மெயினை அணைத்துவிட்டு எந்தெந்த பிளக் பாயிண்ட் உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும்தான் போயிருக்கும், பிளக் பாயிண்டுக்கு இருக்காது. மோடம் இருக்கும் பாயிண்டை அந்த லைனுக்கு மாற்ற ஓர் எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை, எனக்கு 400 ரூபாய் ஆனது. வாடகை வீடென்றால் ஹவுஸ் ஓனரிடம் முதலில் சொல்லி, வாட்ஸப்பில் ஒரு வரி சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள், காலி செய்யும்போது பேச்சு வராது.

12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர் அவர்) பேட்டரி ஒன்று பேச்சுக்கு 1,800 வாட் அவர், பயன்படுவது அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று வையுங்கள். மோடமும் ஒரு சின்ன லைட்டும் மட்டும் என்றால் ஒரு நாளுக்கு மேல் இழுக்கலாம். இரண்டு ஃபேனும் டிவியும் ஓடினால் இரவுக்குள் தீரும். முதல் இரவில் கரண்ட் வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் எல்லோரும் பேட்டரியைத் தீர்த்துக்கொள்கிறார்கள், நாங்களும் அப்படித்தான். மழைக்கு முன் பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பாருங்கள். தரைத்தளத்தில் இருப்பவர்கள் இன்வெர்ட்டரை உயரமான மேடையில் ஏற்றிவிடுங்கள், அதை மழை வந்த பிறகு தூக்க முடியாது.

அடுக்குமாடி ஜெனரேட்டர் என்றால் அது லிஃப்டுக்கும் மோட்டருக்கும் மட்டுமா, வீடுகளுக்கும் வருமா என்று அசோசியேஷனில் கேளுங்கள். வரும் என்றால் டீசல் எத்தனை மணி நேரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

4. இரண்டாவது சிம், ஆனால் சரியான சிம்

டவர்களுக்கும் பேட்டரி உண்டு, அது சில மணி நேரம்தான். ஜெனரேட்டர் இருக்கும் டவருக்கும் தண்ணீரில் டீசல் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் கரண்ட் போன உடனே நன்றாகப் பேசிக்கொண்டிருந்த போன் மதியத்துக்கு மேல் சிக்னல் இல்லாமல் நிற்கிறது.

இரண்டு சிம் வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் ஏர்டெல்லும் விஐயும் (வோடஃபோன் ஐடியா) பல இடங்களில் ஒரே டவரில் இருக்கின்றன, அந்த டவர் நின்றால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒன்றை அந்த இரண்டில் எடுத்தால் மற்றொன்றை ஜியோ, பிஎஸ்என்எல் பக்கம் எடுங்கள். கடைசியில் உங்கள் தெருவில் எது பிடிக்கிறது என்பதுதான் முக்கியம், நாலு வருடமாக அங்கே குடியிருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் "போன மழையில் எந்த சிம் வேலை செய்தது அண்ணா?" என்று கேளுங்கள். அதைவிட நல்ல தகவல் எந்தக் கடையிலும் கிடைக்காது.

புது சிம்முக்கு ஆதார் கொண்டுபோங்கள், கைரேகை வைக்க நேரில் போக வேண்டியிருக்கும். ஒருவர் பேரில் மொத்தம் 9 இணைப்புவரைதான், உங்கள் பேரில் ஏற்கெனவே எத்தனை இருக்கிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். இருக்கும் எண்ணையே வேறு நிறுவனத்துக்கு மாற்றுகிறீர்கள் என்றால் அதே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள், அதாவது தமிழ்நாட்டு எண் தமிழ்நாட்டிலேயே என்றால், 3 வேலை நாள் ஆகும். சிம் அட்டை தொலைந்து மாற்று அட்டை வாங்கினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வேலை செய்யாது, ஓடிபி வராது. புயல் எச்சரிக்கை வந்த பிறகு இந்த வேலைகள் எதையும் தொடாதீர்கள்.

பலரும் ஏமாறுவது இங்கேதான்: இரண்டாவது சிம் இருக்கும், ரீசார்ஜ் இருக்காது. அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் தரும் பேக்குகள் இப்போது இருக்கின்றன, அதில் நீண்ட நாள் போகும் ஒன்றை அக்டோபரில் போட்டு, பொங்கல் வரை காலாவதி ஆகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நெட் இல்லாத நாளில் ரீசார்ஜும் செய்ய முடியாது.

இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்) வைத்திருப்பவர்கள் ஒன்றை யோசியுங்கள். போன் நனைந்து செத்துவிட்டால் அட்டை சிம்மைக் கழற்றி வேறு போனில் போடலாம், இ-சிம்மை அப்படி மாற்ற முடியாது, அதற்கு நெட் வேண்டும். இரண்டில் ஒன்றாவது அட்டையாக இருக்கட்டும்.

5. ஒரு பட்டன் போன்

ஆயிரம் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு வாங்கும் சாதாரண பட்டன் போன், பேசாமல் வைத்திருந்தால் பல நாள் சார்ஜ் தாங்கும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மலிவான பட்டன் போன்கள் பல 2ஜி மட்டும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அந்த சிம்முக்கு 4ஜி பட்டன் போன்தான் வேண்டும். கடையில் உங்கள் சிம்மைப் போட்டு, அங்கேயே ஓர் அழைப்பு செய்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

சின்ன சிம்மைப் பெரிய பள்ளத்தில் பொருத்த, சிம் வாங்கும்போது வரும் பிளாஸ்டிக் சட்டம் தேவைப்படும். அதைத் தூக்கிப் போடாமல் பட்டன் போனோடு ஒரு ஜிப் கவரில் போட்டு வையுங்கள், சிம் கழற்றும் ஊசியையும் சேர்த்து.

6. பவர் பேங்க் கணக்கு

10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 5,000 எம்ஏஎச் போனை இரண்டு முறை ஏற்றாது. இழப்பு போக ஒன்றேகால் முறை ஏறினால் பெரிது. வீட்டில் மூன்று பேர் இருந்தால் 20,000 ஒன்று வாங்குங்கள், பெட்டியில் பிஐஎஸ் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். மாதம் ஒருமுறை முழுதாக ஏற்றி வைக்க வேண்டும், அலமாரியில் மறந்துபோன பவர் பேங்க் அவசரத்தில் காலியாகத்தான் இருக்கும்.

லேப்டாப்பும் ஒரு பவர் பேங்க்தான். ஆன் செய்து, திரையை மங்கலாக்கி, யுஎஸ்பியில் போனைச் செருகினால் ஓரளவு ஏற்றலாம். காரில் ஏற்றுகிறவர்கள், மூடிய பார்க்கிங்கில் என்ஜினை ஓட விட்டு உள்ளே உட்காராதீர்கள், அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

7. பெற்றோர் வீட்டு லேண்ட்லைனை நம்பும் முன்

செம்புக் கம்பியில் வந்த பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கரண்ட் வரும், வீட்டில் கரண்ட் போனாலும் மணி அடிக்கும். அந்த நினைப்பிலேயே நானும் இருந்தேன். இப்போது ஃபைபருக்கு மாற்றியிருந்தால் அதே எண், அதே போன், ஆனால் வயர் மோடத்தில் போய்ச் செருகியிருக்கும், மோடம் அணைந்தால் போனும் அணையும். அடுத்த முறை போகும்போது போனின் வயர் எங்கே போகிறது என்று பின்னால் குனிந்து பாருங்கள். மோடத்தில் என்றால் அங்கேயும் ஒரு மினி யுபிஎஸ். கார்ட்லெஸ் போன் என்றால் அதன் அடித்தட்டுக்கும் தனியாகக் கரண்ட் வேண்டும், வயர் உள்ள சாதாரண போனாக மாற்றிவிடுங்கள்.

அம்மாவுக்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. யுபிஎஸ் பொத்தானில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, "கரண்ட் போனா காலை 8 மணிக்கும் ராத்திரி 8 மணிக்கும் இதை அமுக்குங்கம்மா, அரை மணி நேரம் கழிச்சு திரும்ப அமுக்குங்க" என்று மட்டும் சொன்னேன். அது போதுமாக இருக்கிறது.

8. காகிதத்தில் எழுத வேண்டியவை

யாருக்கும் யார் எண்ணும் மனப்பாடம் இல்லை. ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள்: வீட்டு ஆட்கள், பக்கத்து வீடு, பெற்றோரின் பக்கத்து வீடு, வெளியூரில் ஒரு சொந்தக்காரர், உங்கள் மின் இணைப்பு எண். வெளியூர் ஆள் ஏன் என்றால், நகரத்துக்குள் ஒருவரையொருவர் பிடிக்க முடியாதபோது இரண்டு பேரும் திருச்சியில் இருக்கும் சித்தப்பாவுக்குச் சொல்லிவைக்கலாம், அவர் வழியாகத் தகவல் போய்விடும்.

அதோடு இந்த எண்கள்: அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, மாநகராட்சி 1913, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070, மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987. மின்னகத்தில் மின் இணைப்பு எண் கேட்பார்கள், புகார் எண் தருவார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

9. பராமரிப்பு நாளில் ஒத்திகை

மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மதியம் வரை, சில இடங்களில் மாலை வரை, கரண்டை நிறுத்தும். முதல் நாளே செய்தித்தாளில் பகுதிப் பெயர் வரும். அன்று எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள். மோடம் எத்தனை மணிக்கு அணைந்தது, மோடம் ஓடியபோதும் நெட் வந்ததா, பெற்றோருக்கு அழைப்பு போனதா என்று நேரத்தோடு குறியுங்கள். வைஃபை காலிங்கையும் அன்றே போனில் போட்டு, மொபைல் சிக்னலை அணைத்து, வைஃபையில் மட்டும் சாதாரண அழைப்பு போகிறதா பாருங்கள். டவர் நின்ற பிறகும் ஃபைபர் ஓடினால் உங்களைக் காப்பாற்றப் போவது அதுதான்.

10. உண்மையில் கரண்ட் போன அன்று

முதல் ஒரு மணி நேரத்தில், டவர் பேட்டரி இருக்கும்போதே, பேச வேண்டியவர்களிடம் பேசி முடியுங்கள். "நல்லா இருக்கோம், கரண்ட் இல்லை, ராத்திரி 8 மணிக்கு போன் போடுகிறேன், கிடைக்கலேன்னா பயப்படாதீங்க" என்று நேரம் சொல்லி வையுங்கள்.

அப்புறம் மொபைல் டேட்டாவை அணையுங்கள். சிக்னல் மங்கும்போது போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்னும், அதனால் பேசும் நேரம் தவிர ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். அழைப்பு போகாவிட்டால் எஸ்எம்எஸ் அனுப்புங்கள், ஒரு நிமிடம் சிக்னல் கிடைத்தாலும் போய்விடும், எதிர்ப்பக்கம் போன் அணைந்திருந்தாலும் ஆன் செய்யும்போது போய்ச் சேர வாய்ப்புண்டு. வீடியோவும் குரல் செய்தியும் வேண்டாம்.

பெரிய புயல் நேரங்களில் ஒரு நிறுவனத்தின் சிம் இன்னொரு நிறுவனத்தின் டவரைப் பிடித்துக்கொள்ள அரசு அனுமதிப்பது உண்டு. சிக்னல் சுத்தமாக இல்லையென்றால் போன் அமைப்பில் நெட்வொர்க்கைக் கையால் தேடி, பட்டியலில் வரும் மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். "அவசர அழைப்புகள் மட்டும்" என்று திரையில் வந்தால் 112-க்கு முயலலாம், பக்கத்தில் ஏதோ ஒரு டவர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். மொட்டைமாடிக்குப் போனால் சிக்னல் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் இடி மின்னல் இருக்கும்போது ஏறாதீர்கள்.

கரண்ட் திரும்பி வந்ததும் உடனே எல்லாவற்றையும் செருகாதீர்கள். முதல் சில நிமிடங்களில் வோல்டேஜ் ஏறி இறங்கும், போய்ப் போய் வரும். பத்து நிமிடம் பொறுத்து, முதலில் பட்டன் போன், அடுத்து பவர் பேங்க், பிறகு யுபிஎஸ் என்று ஏற்றுங்கள், ஏனென்றால் அன்று இரவே மறுபடி போகலாம்.